நிலத்தை அடகு வைத்து வனவியல் மேற்படிப்பு: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 25. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் 2023-ல் பி.எஸ்சி. ஹானர்ஸ் வனவியல் முடித்தவர், ஓ.ஜி.பி.ஏ. (பத்துக்கு மொத்த மதிப்பெண் சராசரி) 7.6. கோவையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் 20 மாதங்களாகப் புராஜெக்ட் அசிஸ்டன்ட். சவுக்கு, மலைவேம்பு குளோன் (ஒரே தாய்மரத்திலிருந்து அச்சாகப் பெருக்கிய கன்றுகள்) சோதனைத் திடல்களில் வேலை. அப்பா விவசாயி, இரண்டரை ஏக்கர் நிலம், ஒரு ஓட்டு வீடு. குடும்பத்தில் முதல் பட்டதாரி. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பு.

சென்னையில் உள்ள ஒரு கன்சல்டன்சி மூலம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்கை வள மேலாண்மை முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆய்வேடு இல்லாத, பாடங்கள் மட்டும் கொண்ட படிப்பு. ‘மெரிட் ஸ்காலர்ஷிப்’ என்று ஒரு தொகையைக் கழித்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு 45 லட்சம் ரூபாய் வேண்டும். வங்கி நிலப் பத்திரத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் கேட்கிறது. ‘போய்ச் சேர்ந்துவிட்டால் ஆறே மாதத்தில் அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்துவிடும், ஃபீஸே கட்ட வேண்டாம்’ என்கிறார் கன்சல்டன்ட். இந்த மாதக் கடைசிக்குள் டெபாசிட் கட்ட வேண்டுமாம். அப்பா கையெழுத்துப் போடத் தயார். அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். ‘நான் 90 சதவீதம் எடுக்கவில்லை, எனக்கு ஸ்காலர்ஷிப் யார் தரப்போகிறார்கள்? கடன் வாங்குவதைத் தவிர வழி உண்டா?’ என்று கேட்டு முடிக்கிறார்.

பதில்

வழி உண்டு. அதுவும் உங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆனால் அது நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆஃபர் லெட்டரில் இல்லை.

உங்கள் துறையில் பணம் எப்படி வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். எம்.பி.ஏ., டேட்டா சயின்ஸ் மாதிரிப் படிப்புகளில் மாணவர் பணம் கட்டுகிறார், படிக்கிறார், சம்பளத்தில் திருப்பி எடுக்கிறார். வனவியலில், குறிப்பாக அமெரிக்காவிலும் கனடாவிலும், ஆய்வேட்டோடு கூடிய எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் பேராசிரியரின் புராஜெக்டிலிருந்துதான் பணம் வருகிறது. அவருக்கு ஓர் ஆய்வு நிதி கிடைக்கிறது. அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மாணவர். வேலைக்கு மாதச் சம்பளமும், கல்விக் கட்டண விலக்கும், பல இடங்களில் மருத்துவக் காப்பீட்டில் பங்கும் தருவார்கள். இதுதான் ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப். இதே துறையில் ஆய்வேடு இல்லாத ‘புரொஃபஷனல்’ முதுகலை என்று இன்னொரு வகை இருக்கிறது. அதற்கு மாணவர்தான் பணம் கட்ட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அது வருமானம். உங்களுக்குக் கிடைத்திருப்பது இந்த இரண்டாம் வகை.

‘போன பிறகு கிடைக்கும்’ என்பது

கன்சல்டன்ட் சொன்னது அப்பட்டமான பொய் என்று சொல்ல மாட்டேன். யாரோ ஒருவருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் ஆய்வேடு எழுதாத மாணவரைத் தன் ஆய்வுப் பணத்தில் வைத்துக்கொள்ளப் பேராசிரியருக்குக் காரணம் இல்லை. டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப்பிலும் பிஎச்.டி., ஆய்வேட்டு மாணவர்களுக்கே முதலிடம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள் மட்டுமே வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவு தேறும். கல்விக் கட்டணம் தேறாது.

வேலை பற்றியும் யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் வனவியல் படித்தவர்களுக்குப் பெரிய முதலாளி அரசாங்கம்தான்: வனச் சேவை, தேசியப் பூங்காக்கள், மாநில வனத் துறைகள். மத்திய அரசின் நிரந்தரப் பணிகள் பொதுவாகக் குடிமக்களுக்கு மட்டுமே. மிஞ்சுவது மர நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள். அவற்றிலும் விசா ஏற்பாடு செய்ய முன்வருபவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் படித்த உங்கள் அத்தை மகன் கடனை மூன்று ஆண்டில் அடைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போன சந்தை வேறு, நீங்கள் போகும் சந்தை வேறு.

கன்சல்டன்சிகள் ஏன் இதைச் சொல்வதில்லை? பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. பேராசிரியரே சம்பளம் கொடுத்து எடுக்கும் இடத்திலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் மாதிரி உதவித்தொகையிலும் ஏஜென்டுக்கு ஒரு பைசா வராது. அதனால் அந்த வழிகள் அவர்கள் மேஜைமேல் இருக்காது.

45 லட்சம் என்பது 45 லட்சம் அல்ல

படிக்கும் இரண்டு ஆண்டும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். சரி, தவணை இல்லை. வட்டி உண்டு. 11 சதவீத வட்டி, முதல் ஆண்டு பாதி, இரண்டாம் ஆண்டு மீதி என்று கடன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் 22.5 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி, அடுத்த 22.5 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி. தனி வட்டியாகப் போட்டாலே சேர்ந்து 12 லட்சத்துக்கு மேல். தவணை தொடங்கும் நாளில் கடன் 57 லட்சத்தைத் தாண்டி நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 79,000 ரூபாய். பதினைந்து ஆண்டு என்றாலும் 65,000-க்குக் குறையாது. நீங்கள் ஊர் திரும்பி ஆய்வு நிறுவனத்திலோ தொண்டு நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்தால் இந்தத் தவணை எங்கிருந்து வரும்? இந்த ஒரு கேள்விக்கு அப்பாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து, பேப்பரில் எழுதிப் பார்த்துப் பதில் கண்டுபிடியுங்கள்.

அரசு வட்டிச் சலுகை கிடைக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவில் உள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு அது கிடையாது. முதல் பட்டதாரி சலுகையும் இளநிலைத் தொழிற்கல்வியோடு முடிந்துவிட்டது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது. ஆனால் அது ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கானது. உங்கள் வகுப்புக்கு வராது. இதைப் படிக்கும் தகுதியுள்ள மற்ற மாணவர்கள் அதையும், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் தவறவிட வேண்டாம். உங்களைப் பொறுத்தவரை டாப்செட்கோ (தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) தரும் கல்விக் கடன் பற்றி மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். 45 லட்சத்துக்கு முன் தொகை சிறியது, வட்டி வங்கியைவிடக் குறைவு. பிற்பாடு விமான டிக்கெட்டுக்கும் முதல் மாதச் செலவுக்கும் அது போதும் என்ற நிலைமைக்கு உங்கள் திட்டத்தைக் கொண்டுவருவதுதான் என் நோக்கம்.

உங்கள் 20 மாதங்களின் மதிப்பு

கடிதத்தில் இந்த வேலையைப் பற்றி ‘சும்மா புராஜெக்டில் இருக்கிறேன்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே விலை மதிப்புள்ளது அதுதான்.

ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு வளரும் நாடுகளிலிருந்து வரும் பணி அனுபவம் உள்ளவர்களுக்கென்று ஈபோஸ் என்ற உதவித்தொகையை வைத்திருக்கிறது. நிபந்தனை: பட்டம் முடித்தபின் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை, பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முதுகலை மாணவருக்கு மாதம் 992 யூரோ, அதோடு மருத்துவக் காப்பீடு, பயணப்படி. 90 சதவீதம் எடுத்தவர் என்று எங்கும் கேட்கவில்லை. மதிப்பெண்ணும் பார்ப்பார்கள், கூடவே, திரும்பிப் போய் நாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று துருவுவார்கள். இந்த உதவித்தொகைக்குரிய படிப்புகளின் பட்டியலில் வெப்பமண்டல வனவியல் படிப்பும் இடம்பெறுகிறது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தாரண்ட் என்ற சிற்றூரில் நடத்தும் படிப்பு அது. 1811-ல் ஹைன்ரிஷ் கோட்டா தன் வனப் பள்ளியை மாற்றிக்கொண்டு வந்த ஊர். நீங்கள் முதலாண்டில் வன வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பட்டியல் ஆண்டுதோறும் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டுக்கான ஈபோஸ் கையேட்டைப் பாருங்கள்.

இன்னும் நான்கு மாதம் அதே வேலையில் இருந்தால் உங்களுக்கு 24 மாதம் ஆகிறது. விசாவுக்காக அடுத்த மாதமே வேலையை விடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் இருந்தால் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கும் வாசல் திறக்கும். அது அமெரிக்கப் படிப்பையே முழுச் செலவோடு தருவது. ஆனால் முடித்ததும் இரண்டு ஆண்டு இந்தியாவில் இருந்தாக வேண்டும். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது. ஆக, நீங்கள் திடலில் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஓர் உதவித்தொகைக்கான தகுதியாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. புராஜெக்ட் வேலைக்கு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, பொறுப்பு, முழுநேரம் என்ற சொல் எல்லாம் போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் புதுப்பித்த இடைவெளியில் பத்து நாள் விட்டுப்போயிருந்தால், அதையும் இப்போதே சரிபாருங்கள்.

எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைகளுக்கு அனுபவம் கட்டாயமில்லை. இருந்தால் விண்ணப்பம் கனக்கும். கட்டணம் கிடையாது; மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். வனவியலில் கிழக்கு பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் யூரோப்பியன் ஃபாரஸ்ட்ரி, மத்தியதரைக் காடுகளுக்கான மெட்ஃபோர் ஆகியவை பெயர் பெற்றவை. எந்த ஆண்டில் எது புது மாணவர் எடுக்கிறது என்பது மாறும். எராஸ்மஸ் முண்டஸ் கேட்டலாக்கில் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: ‘இடம் உண்டு, உதவித்தொகை இல்லை’ என்றும் கடிதம் வரும். வாழ்த்துகள் என்று தொடங்கும் அந்தக் கடிதத்தைப் பார்த்துக் குதித்துவிடாதீர்கள். உதவித்தொகைக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோமா என்று கேட்டு எழுதுங்கள்.

உதவித்தொகை எதுவுமே கிடைக்காவிட்டாலும் ஜெர்மனியின் கணக்கு வேறு. கோட்டிங்கன் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும். ஃபிரைபுர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்திலோ நம் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். சுமார் 12 லட்சம் ரூபாய். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். 45 லட்சத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காதான் வேண்டும் என்றால்

அப்படியும் போகலாம், ஆனால் வேறு கதவு வழியாக. 1962-ல் வந்த மெக்கின்டயர்-ஸ்டென்னிஸ் சட்டத்தின்படி மத்திய அரசு மாநில வனவியல் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் ஆய்வு நிதி தருகிறது. அதில் ஒரு பங்கு ஆய்வு மாணவர்களின் சம்பளமாகிறது. தெற்கு மாநிலங்களில் மர நிறுவனங்கள் சந்தா கட்டி நடத்தும் ஆய்வுக் கூட்டமைப்புகள் இன்னொரு ஊற்று. உங்கள் வேலை குளோன் தேர்வு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் மர மேம்பாட்டுக் கூட்டுறவுத் திட்டம் ஒன்று நடக்கிறது. அங்கேயே கேம்கோர் என்ற அமைப்பு வெப்பமண்டல மர இனங்களில் வேலை செய்கிறது. உங்களுக்குப் பொருத்தமான வாசல்கள் இவை. விளம்பரமான இடங்களைப் பார்க்க டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் இயற்கை வள வேலைப் பலகை நன்றாக இருக்கும்.

பேராசிரியருக்கு ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் எழுத வேண்டும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி. நம் பிள்ளைகள் அனுப்பும் மின்னஞ்சல்கள் எனக்கு அடிக்கடி வரும். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன்’ என்று ஆரம்பித்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் போய் நிற்கும். அதை யாரும் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. நீங்கள் எழுத வேண்டியது இப்படி: எத்தனை இடங்களில் எத்தனை குளோன்கள், எந்த வடிவமைப்பில் நட்ட திடல், உயரமும் தரையிலிருந்து 1.37 மீட்டரில் சுற்றளவும் நீங்களே அளந்தீர்களா. தரவை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அலசத் தெரியுமா. அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த இடம் உங்கள் திடலில் கண்டதோடு உரசுகிறது. கடைசியில் ஒரே கேள்வி: அடுத்த ஆண்டு இலையுதிர்கால சேர்க்கைக்கு நிதியுள்ள எம்.எஸ். இடம் இருக்கிறதா? அவ்வளவுதான், ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். பதில் வராதவர்களே அதிகம் இருப்பார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இடம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுத்தில் வாங்க வேண்டியவை:

1. கட்டண விலக்கு முழுமையா, வெளிமாநில மாணவருக்கான கூடுதல் தொகையும் அதில் அடங்குமா.
2. சம்பளம் 9 மாதமா 12 மாதமா. எத்தனை ஆண்டுக்கு உறுதி.
3. மாணவர் கட்டணங்கள் என்று தனியாக வருவதை யார் கட்டுவது.

நிதியுதவியோடு வரும் இடத்துக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதென்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ‘நாளைக்குள் சொல்’ என்று யாராவது நெருக்கினால் இதைச் சொல்லிக் கேட்கலாம். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: 2025-ல் அங்கே மத்திய அரசின் ஆய்வு நிதியில் பலத்த வெட்டு விழுந்தது. பேராசிரியர்களே கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இங்கேயே எம்.எஸ்சி. படித்தால்?

இதை நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) முதுகலை நுழைவுத் தேர்வில் வனவியல் தனிப் பாடப்பிரிவு. தரவரிசையில் மேலே வருபவர்களுக்கு ஐ.சி.ஏ.ஆர். முதுகலை உதவித்தொகை, அது கிடைக்காமல், இந்தத் தேர்வின் மூலம் வேறு மாநிலத்தில் சேர்பவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தேசியத் திறன் உதவித்தொகை. இமாச்சலத்தின் சோலன் அருகே நௌனியில் உள்ள பர்மார் பல்கலைக்கழகம், திருச்சூர் வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகம் எல்லாம் இதில் வருகின்றன. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. அதன் பிறகு பிஎச்.டி.க்கு வெளிநாடு போகலாம். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. இங்கேயே தொடர்ந்தால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். பளபளப்பு இல்லாத வழிதான். ஆனால் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வராது.

இந்த மாதம் செய்ய வேண்டியது

டெபாசிட் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு, கன்சல்டன்சிக்கு அல்ல, நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, சேர்க்கையை ஓர் ஆண்டு தள்ளிவைக்க முடியுமா, உதவித்தொகையும் கூடவே தள்ளிவருமா, ஆய்வேட்டுப் பிரிவுக்கு மாற வழி உண்டா என்று கேளுங்கள். கன்சல்டன்சியிடம் அசல் சான்றிதழ் எதையாவது கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். ஏற்கெனவே கட்டிய சேவைக் கட்டணம் திரும்புமா என்பதை நீங்கள் கையெழுத்திட்ட தாள் சொல்லும், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வுக்குத் தேதி போடுங்கள். மேலே சொன்ன வெளிநாட்டு வழிகள் எல்லாவற்றுக்கும் ஏதாவதோர் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் தேவைப்படலாம். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும்.

கடிதத்தின் ஓரத்தில் பேனாவால், ‘வெளிநாட்டு முதுகலை இருந்தால் ஐ.எஃப்.எஸ். தேர்வில் முன்னுரிமை உண்டா?’ என்று எழுதியிருந்தீர்கள். கிடையாது. இந்திய வனப் பணித் தேர்வுக்கு உங்கள் கையில் இருக்கும் வனவியல் இளநிலைப் பட்டமே போதும். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 32, மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் இருந்தால் மூன்று ஆண்டு கூடும். மாநிலத்தில் உதவி வனப் பாதுகாவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ஏ இருக்கிறது. அதுதான் உண்மையான ஆசை என்றால், இந்த இரண்டு ஆண்டையும் 45 லட்சத்தையும் வேறு நாட்டில் செலவழிப்பதற்கு முன் என்னிடம் இன்னொரு கடிதம் போடுங்கள். அதைத் தனியாகப் பேசலாம்.